ஈ. கோலை எஸ்12-க்கு மனிதரில் இணை எது? அலைன்மென்ட் (வரிசைப் பொருத்தம்) ஒட்டவே மாட்டேங்குது

வண்டல்:
ரைபோசோம் எஸ்12 புரதத்தை ஈ. கோலை, ஈஸ்ட், மனிதன், புகையிலைப் பசுங்கணிகம் நான்கிலும் எடுத்து பரிணாம மரம் வரையப் பார்க்கிறேன். மனித ஆர்பிஎஸ்12 ஈ. கோலையோடு எங்குமே பொருந்தவில்லை. புகையிலை வரிசை 38 அமினோ அமிலத்தோடு நின்றுவிடுகிறது. மாறினால் ஸ்ட்ரெப்டோமைசின் எதிர்ப்பு வரும் லைசின் (ஒரு அமினோ அமிலம்) இருக்கும் இடத்தை ஒரு கட்டுரை 42 என்கிறது, இன்னொன்று 43 என்கிறது. எது சரி?

ஏழாம்சுருள்:
ஆளே மாறிப்போச்சு. மனித ஆர்பிஎஸ்12 வேறு குடும்பம், பாக்டீரியாவில் கிடையாது. உங்களுக்கு வேண்டியது ஆர்பிஎஸ்23. ஒவ்வொரு உயிரிக்கும் தனித்தனியாக எண் போட்டதன் வினை இது. 2014 பெயரிடலில் ஈ. கோலை எஸ்12, மனித ஆர்பிஎஸ்23 இரண்டும் யுஎஸ்12 (யு என்றால் யுனிவர்சல், அமெரிக்கா இல்லை!). ஈஸ்டில் 23ஏ, 23பி என்று இரண்டு ஜீன் இருந்தாலும் புரதம் ஒன்றே, ஒன்றைச் சேர்த்தால் போதும்.

சரிபார்க்க ஒரு வழி: அமினோ அமிலங்களின் ஓரெழுத்துக் குறியில் ஈ. கோலையில் பிஎன்எஸ்ஏஎல்ஆர்கே, மனிதனில் பிஎன்எஸ்ஏஐஆர்கே. இந்த ஏழும் நேருக்கு நேர் நிற்காவிட்டால் அலைன்மென்ட் தப்பு. மொத்த நீளம் ஈ. கோலையில் 124 அமினோ அமிலம், மனிதனில் 143. அதிகப்படி 19-இல் 17 இந்த மோட்டிஃபுக்கு (அந்த ஏழெழுத்துத் துண்டுக்கு) முன்பே வந்துவிடுவதால், முழுநீளப் பொருத்தம் அந்த முனையில் இழுத்துக்கொண்டு போகும். மாஃப்ட் அலைன்மென்ட் மென்பொருளில் லோக்கல்பேர் தெரிவைப் போட்டு ஓட்டுங்க.

கோடான்காரர்:
42, 43 இரண்டும் ஒரே லைசின்தான். தொடக்க மெத்தியோனின் வெட்டுப்பட்ட புரதத்தில் எண்ணினால் 42, ஜீனின் கோடானை (ஒரு அமினோ அமிலத்துக்கான மூன்று பேஸ்) எண்ணினால் 43. காசநோய்க் கட்டுரைகளில் 43தான். மோட்டிஃபின் புரோலினுக்கு இரண்டு இடம் முன்னால் பாருங்க. மனிதனில் அதே இடம் 60, அங்கேயும் லைசின்தான்.

புகையிலை: உங்களிடம் இருப்பது முதல் எக்ஸான் (ஜீனில் புரதத்துக்கான துண்டு) மட்டும், 114 பேஸ். மற்ற இரண்டு எக்ஸான்கள் பசுங்கணிக ஜீனோமில் வெகுதூரம் தள்ளி இருக்கின்றன. முதலாவதும் இவ்விரண்டும் தனித்தனி ஆர்என்ஏவாகப் படியெடுக்கப்பட்டு, டிரான்ஸ் ஸ்பிளைசிங்கில்தான் (வெவ்வேறு ஆர்என்ஏக்களை இணைப்பது) ஒட்டுகின்றன. மோட்டிஃப் இருப்பதே இரண்டாம் எக்ஸானில். ஜீனோமிலிருந்து வெட்டாமல் புரதப் பதிவை எடுங்க, 123 வரும்.

ஏழாம்சுருள்:
மனித ஜீனோமில் டிபிளாஸ்ட்என் (புரத வரிசையை டிஎன்ஏவில் தேடும் கருவி) ஓட்டாதீங்க, இன்ட்ரான் (எக்ஸான்களுக்கு இடையே வெட்டப்படும் பகுதி) இல்லாத போலி ஜீன்கள் வந்து குவியும். எம்ஆர்பிஎஸ்12 கிடைத்தால் அது மைட்டோகாண்ட்ரியாவுடையது. மரத்தில் பாக்டீரியா பக்கம் போய் உட்காரும், பயப்பட வேண்டாம். ஆனால் இந்த ஒரே புரதத்தை வைத்து ஆழமான கிளைகளை முடிவு செய்யாதீங்க. நூற்றுச்சொச்சம் இடங்களில் பூட்ஸ்ட்ராப் (கிளைகளின் நம்பகத்தைச் சோதிக்கும் முறை) தாங்காது. மற்ற யு-வகைப் புரதங்களையும் கோர்த்து ஓட்டுங்க.