ஒசாகா தெருக்கடையில் ஆங்கிலம் பழக ஒரு வழி சொல்லுங்கள்

வணக்கம். நாங்கள் ஒசாகாவில் இருக்கிறோம். என் மனைவி தமிழ்வழியில் பிளஸ் டூ படித்தவர். ஊர் சுற்றிக்கொண்டே அன்றாட ஆங்கிலம் பழக வேண்டும் என்பது அவர் விருப்பம். பொருள்களின் பெயர்கள் தடையின்றி வருகின்றன. கடையில் சமைப்பவர்கள் என்ன செய்கிறார்கள் என்று சொல்லும்போது வினைச்சொல் கிடைக்காமல் நின்றுவிடுகிறார். கோடையிலிருந்து இதே நிலைதான்.

இங்குள்ள டோட்டன்போரி கடைத்தெருவில் தகோயாகி என்னும் ஆக்டோபஸ் உருண்டை சுடுவதைப் பாருங்கள். நம் பணியாரக் கல் போன்ற குழிகளில் மாவை ஊற்றி, ஆக்டோபஸ் துண்டைப் போட்டு, கூரான கம்பியால் புரட்டி உருட்டி, சாஸ் தடவி, மேலே உலர்மீன் சீவலைத் தூவுகிறார்கள். ஒரே தட்டில் இத்தனை வினைகள்! நாங்கள் சைவம், வேடிக்கை மட்டும்தான். ஆக்டோபஸ் வேண்டாமென்றாலும் மாவில் பெரும்பாலும் மீன்சாறு கலந்திருக்கும்.

படம் போட்ட சொல் அட்டைகள் வாங்கினோம், மறுநாளே மறந்துபோகின்றன. போன் கேமரா மொழிபெயர்ப்பு உணவின் பெயரோடு நின்றுவிடுகிறது. இணைய வகுப்பில் இலக்கணம்தான் நடந்தது. கடைக்காரர்களிடம் ஆங்கிலத்தில் கேட்டால் சிரித்த முகத்தோடு ஜப்பானிய மொழியில் பதில் வருகிறது. பின்னால் வரிசை நிற்கும்போது அவர்களிடம் பாடமா கேட்க முடியும்?

அடுத்து கியோட்டோவின் நிஷிகி சந்தைக்குப் போகிறோம். அங்கே நடந்துகொண்டே சாப்பிட வேண்டாம் என்கிறார்கள், அதனால் நின்று கவனிக்க நேரம் கிடைக்கும்.

கண்ணால் பார்த்த சமையலை அன்றிரவே ஆங்கிலத்தில் விவரிக்கும் அளவுக்கு வினைச்சொற்களை மனத்தில் நிறுத்த, உங்களுக்குப் பலன் தந்த பயிற்சி எது?