46 வயதில் காலில் மணி கட்டலாமா? மாரிஸ் நடனம் பற்றி ஒரு கேள்வி

கேட்டவர்: கௌலிவாசி

ஆக்ஸ்போர்டுக்குக் குடிவந்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. இந்த மே முதல் தேதிதான் முதன்முறையாக விடியலுக்கு முன்னே எழுந்து மாட்லின் பாலத்துக்குப் போனேன். ஆறு மணிக்குக் கல்லூரிக் கோபுரத்தின் உச்சியிலிருந்து பாட்டு வந்தது. பாதியைக் காற்று தின்றுவிட்டது. பிறகு மணிகள் அடிக்க, கூட்டம் ஊருக்குள் நகர்ந்தது. அங்கேதான் மாரிஸ் என்ற ஆங்கிலேய நாட்டுப்புற நடனம் ஆடுகிறவர்களைப் பார்த்தேன். வெள்ளை உடை, மார்பில் குறுக்காக ரிப்பன் பட்டை, முழங்காலுக்குக் கீழே வரிசையாகச் சிறு மணிகள், இரண்டு கையிலும் பெரிய வெள்ளைக் கைக்குட்டை. மூன்று மூன்று பேராக இரண்டு வரிசை. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடுத்த நொடி ஆறு பேரும் ஒன்றாக எழும்பி ஒன்றாக இறங்கினார்கள். அத்தனை மணிகளும் ஒரே ஓசையாக விழுந்தன. சிரிப்பு போன இடம் தெரியவில்லை.

வரிசைக் கடைசியில் ஆடியவர் எங்கள் அலுவலகக் கணக்குப் பிரிவு அம்மா. ரசீதில் ஐம்பது பென்ஸ் உதைத்தாலும் திருப்பி அனுப்புகிறவர். "செப்டம்பரில் பயிற்சி தொடங்கும், வந்து பார்" என்று என்னை அழைக்கிறார்.

எனக்கு 46 வயது. வலது முழங்கால் மாடிப்படியில் முனகும். ஆனால் பெரிய தயக்கம் வேறு. இணையத்தில் தேடியபோது முகம் முழுவதும் கரி பூசிய ஆட்டக்காரர்களின் படங்கள் வந்தன. என் நிறத்தோடு அந்த வரிசையில் போய் நிற்பதா என்று மனம் பின்வாங்குகிறது. என் கணவரோ, இது ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முந்தைய சூரிய வழிபாடு என்று எங்கோ படித்துவிட்டு வந்து சொல்கிறார். உள்ளே இருந்து பார்த்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

பதில்: ஓய்வுபெற்ற ஓட்டுநர்

தங்கைக்கு, நான் பதினான்கு ஆண்டுகள் உள்ளே இருந்தவன். குழுவில் சேர்ந்த கதை இதுதான்: பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் மதுக்கடை வாசலில் இவர்கள் ஆடிக்கொண்டிருக்க, என் பஸ் நான்கு நிமிடம் நகர முடியாமல் நின்றது. ஹாரன் அடித்தேன். ஒரு கிழவர் வந்து ஜன்னல் வழியாகத் தொப்பியை நீட்டிக் காசு கேட்டார். வழியையும் மறித்துக்கொண்டு வசூலுக்கும் வருகிற அந்தத் துணிச்சல் பிடித்துப்போயிற்று. அடுத்த வாரமே பயிற்சிக்குப் போய்விட்டேன்.

முதலில் உங்கள் கணவரின் சூரியனை மேற்கே அனுப்பிவிடுவோம். மாரிஸ் பற்றி நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய சான்று ஒரு செலவுக் கணக்கு. 1448 மே 19 அன்று லண்டன் பொற்கொல்லர் சங்கம் மாரிஸ் ஆடியவர்களுக்கு 7 ஷில்லிங் கொடுத்திருக்கிறது. கணக்குப் பிரிவு அம்மாவிடம் சொல்லுங்கள், மகிழ்வார். பெயரே வட ஆப்பிரிக்காவின் 'மூர்' இன மக்களைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது என்பார்கள். ஐரோப்பிய அரண்மனைகளில் அப்போது நாகரிகமாக இருந்த கேளிக்கை ஒன்றின் பெயர். அங்கிருந்துதான் இது தேவாலயத் திருவிழாவுக்கும் கிராமத்துக்கும் இறங்கியது. 1600இல் ஷேக்ஸ்பியரின் நாடகக் குழுவில் நடித்த வில் கெம்ப், லண்டனிலிருந்து நாரிச் வரை நூறு மைலுக்கு மேல் மாரிஸ் ஆடிக்கொண்டே போனார். ஆடிய நாள் ஒன்பது. இடையிடையே எடுத்த ஓய்வைச் சேர்த்தால் சில வாரங்கள். அவருக்கும் முழங்கால் இருந்திருக்கும்.

ஆனால் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டிய கதை உங்கள் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில் நடந்தது. ஹெடிங்டன் குவாரி. அந்தக் காலத்தில் செங்கல் சூளைகளும் கல் வெட்டியெடுக்கும் குழிகளும் இருந்த ஏழை ஊர். 1899 டிசம்பர் 26. கடும் உறைபனியால் கட்டட வேலை நின்றுபோய்க் கொத்தனார்கள் வீட்டில் இருந்தார்கள். அவர்கள் ஆட வேண்டிய பருவம் கோடைத் தொடக்கத்து விட்சன் விழா. ஆனால் வயிறு பருவம் பார்க்காதே. காசு கிடைக்கும் என்று பருவம் தப்பிக் கிளம்பி ஒரு வீட்டின் முன்னால் ஆடினார்கள். அந்த வீட்டில் கிறிஸ்துமஸுக்கு மாமியாரைப் பார்க்க வந்திருந்தவர் செசில் ஷார்ப் என்ற இசை ஆசிரியர். கான்செர்ட்டினா என்ற சிறு கைத்துருத்தி வாத்தியம் வாசித்த இளைஞரின் பெயர் வில்லியம் கிம்பர், அவரும் கொத்தனார்தான். மறுநாள் அவரை வரவழைத்து மெட்டுகளை எழுதி வாங்கிக்கொண்டார் ஷார்ப். உறைபனி இல்லாதிருந்தால் அன்று கிம்பர் சுவர் கட்டப் போயிருப்பார். இதை நினைத்தால் எனக்கு இன்றும் மயிர்க்கூச்செறியும்.

ஷார்ப் எழுதிய மெட்டுகள் சில ஆண்டுகள் காகிதத்தில்தான் கிடந்தன. அவற்றுக்குக் கால் கொடுத்தவர் மேரி நீல். லண்டனில் தையல் வேலை செய்த ஏழைப் பெண்களுக்காக எஸ்பெரன்ஸ் கிளப் நடத்தியவர். 1905இல் ஷார்ப்பிடம் ஆலோசனை கேட்டு, கிம்பரையும் அவருடைய உறவினர் ஒருவரையும் லண்டனுக்கு அழைத்து அந்தப் பெண்களுக்குக் கற்றுத்தரச் செய்தார். பெண்கள் கற்றார்கள், மேடையேறினார்கள், பிறகு ஊர் ஊராகப் போய்க் கற்றுக்கொடுத்தார்கள். அப்புறம்தான் சண்டை. அடவு பிசகாமல் ஆட வேண்டும் என்றார் ஷார்ப். ஆட்டத்தில் உயிர் இருக்க வேண்டும் என்றார் நீல். ஷார்ப் 1911இல் தனிச் சங்கம் கண்டார். லண்டனில் இன்று கட்டடம் இருப்பது அவர் பெயரில்தான். 1934இல் தொடங்கிய மாரிஸ் ரிங் என்ற அமைப்பு ஆண்களுக்கு மட்டும் என்று கதவைச் சாத்தியது. தையல்காரப் பெண்கள் தூக்கி நிறுத்திய ஆட்டத்தை! 1975இல் பெண்கள் தங்களுக்கென்று ஒரு கூட்டமைப்பு தொடங்கினார்கள். ரிங் தன் விதியை மாற்றியது 2018இல்தான். என் குழுவில் இந்த மாற்றத்துக்காக இரண்டு பேர் விலகினார்கள். இருவருமே தாளம் பிடிக்கத் தெரியாதவர்கள் என்பதால் நாங்கள் அதிகம் வருந்தவில்லை.

முழங்கால் பற்றி: ஏமாற்ற மாட்டேன், தார்ச்சாலையில் எகிறிக் குதிக்கும் ஆட்டம் இது. குதிப்பைக் குறைத்துக்கொண்டு ஆடுகிறவர்கள் எல்லாக் குழுவிலும் உண்டு. முழங்காலைவிட விரல் முட்டியைப் பாருங்கள். குச்சி ஆட்டத்தில் எதிராளி அரை வினாடி பிந்தினால் அடி உங்களுக்கு. கரி விஷயத்தில் எனக்குக் கருத்து உண்டு. ஆனால் நீங்கள் பார்த்த வெள்ளை உடை, கைக்குட்டை ஆட்டமான எங்கள் காட்ஸ்வோல்ட் பாணியில் அது இல்லை, அதனால் அந்தப் பக்கத்தில் வாழ்ந்தவர்கள் பேசட்டும்.

பதில்: வேல்ஸ் எல்லைக்காரி

நான் ஷ்ரூஸ்பரியில் செவிலியர். கரி பூசுவது முதன்மையாக எங்கள் பக்கத்து 'பார்டர்' பாணியில்தான் இருந்தது: ஷ்ராப்ஷயர், ஹெரிஃபோர்ட்ஷயர், வூஸ்டர்ஷயர். கந்தல் துணிகள் தைத்த கோட்டு, குச்சி, கூச்சல். குளிர்காலத்தில் வேலையில்லாத பண்ணையாட்கள் பிச்சையெடுப்பது தெரியாமலிருக்க முகத்தை மறைத்தார்கள் என்பது ஒரு விளக்கம். 19ஆம் நூற்றாண்டில் கறுப்பர்களைக் கேலி செய்த மேடைக் கூத்துகளின் பாதிப்பும் அதில் உண்டு என்பது இன்னொரு தரப்பு. என்னைக் கேட்டால் இரண்டும் கலந்திருக்கும். ஆனால் ஒரு சந்தையில் என் மகனுக்கு ஐந்து வயதாக இருந்தபோது, "அவர்கள் ஏன் நம்மைப் போல வேஷம் போட்டிருக்கிறார்கள்?" என்று கேட்டான். அவனுக்கு எந்த விளக்கத்தைச் சொல்வது?

2020 ஜூலையில் மூன்று மாரிஸ் அமைப்புகளும் சேர்ந்து முழு முகக் கறுப்புப் பூச்சை நிறுத்துவதாக அறிவித்தன. இப்போது நீலம், பச்சை, ஊதா. சிலர் முகமூடி அணிகிறார்கள். லங்காஷயரில் பேகப் ஊரின் கோகனட்டர்கள் என்ற ஆட்டக் குழுவினர் மறுத்துவிட்டு அமைப்பிலிருந்து விலகினார்கள். ஈஸ்டர் சனிக்கிழமையில் கட்டைச் செருப்போடு, கையிலும் முழங்காலிலும் கட்டிய மரவில்லைகளைத் தட்டிக்கொண்டு ஊர் முழுவதும் ஆடுவார்கள். ஆட்டம் அபாரம். நான் போவதில்லை.

நீங்கள் சேரப்போகும் குழு வெள்ளையும் கைக்குட்டையும். நிம்மதியாகப் போங்கள்.

பதில்: தஞ்சைத் தம்பி

குச்சி, சலங்கை, பொய்க்கால் குதிரை மாதிரி ஒரு குதிரைகூட இருக்கிறதாமே! இது இங்கிருந்து போன கோலாட்டம் என்பதில் சந்தேகமே இல்லை.

பதில்: டைன் கரை

தம்பி, சந்தேகம் இருக்கிறது. மனிதனுக்குக் கையும் காலும் இருக்கிற இடமெல்லாம் குச்சியும் மணியும் இருக்கும். சான்று கிடைத்தால் கொண்டுவாருங்கள், நானே முதல் ஆளாகக் கொண்டாடுகிறேன்.

கேட்டவருக்கு ஒரு வார்த்தை: வடக்கே வந்தால் ரேப்பர் ஆட்டத்தைப் பார்க்காமல் திரும்பாதீர்கள். நார்த்தம்பர்லாந்து, டர்ஹம் நிலக்கரிச் சுரங்க ஊர்களின் ஆட்டம். ஐந்து பேர், ஒவ்வொருவர் கையிலும் வளையக்கூடிய எஃகுத் தகடு ஒன்று, இரு முனையிலும் கைப்பிடி, அதில் ஒன்று சுழலும். ஒருவர் தகட்டின் மறுமுனையை அடுத்தவர் பிடித்துக்கொண்டு, யாரும் கைவிடாமல் ஒருவருக்குள் ஒருவர் புகுந்து முறுக்கிக்கொள்வார்கள். கடைசியில் ஐந்து தகடும் பின்னி நட்சத்திரமாகிவிடும். ஒருவர் அதைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டுவார். குடிக்கடையின் மேசைகளுக்கு நடுவே, நாலடி இடத்தில். நான் முதன்முதலில் பார்த்தபோது கையில் இருந்த தேநீர் ஆறிப்போனது தெரியவில்லை.

கேட்டவர்: கௌலிவாசி

எல்லோருக்கும் நன்றி. மேரி நீல் பற்றி அலுவலகத்து அம்மாவிடம் பேசினேன். மதிய உணவு நேரம் முழுவதும் போய்விட்டது. 7 ஷில்லிங் அவருக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது. செப்டம்பரில் போகிறேன். கடைசியாக ஒரு சந்தேகம்: மகள் பரதநாட்டியம் கற்ற காலத்துச் சலங்கை வீட்டில் இருக்கிறது. அதையே கட்டிக்கொள்ளலாமா?

பதில்: ஓய்வுபெற்ற ஓட்டுநர்

வேண்டாம். அது கணுக்காலுக்கு, இது முழங்காலுக்குக் கீழே தோல் பட்டையில் தைத்துக் கட்டுவது. மேலும் சலங்கையின் கனத்தோடு குதித்தால் மறுநாள் மாடிப்படி ஏற மாட்டீர்கள். முதல் மாதம் மணியே தர மாட்டார்கள், பிசகுவது காதில் விழுமே. பெரிய கைக்குட்டை இரண்டு மட்டும் எடுத்துப் போங்கள். ஒரு முனையில் முடிச்சுப் போட்டு நடுவிரலில் மாட்டிக்கொள்ளுங்கள். நான் முதல் நாள் முடிச்சுப் போடாமல் போனேன். இரண்டாவது குதிப்பில் கைக்குட்டை பறந்து கான்செர்ட்டினாக்காரரின் பீர்க் கோப்பையில் விழுந்தது.