நாற்பத்தைந்து வயதில் பட்டப்படிப்பு

கேள்வி: உயர்தரப் பரீட்சையில் (பள்ளி இறுதித் தேர்வு) சித்தியடைந்தும், போர்க்காலத்தில் படிப்பைத் தொடர முடியாமற்போனது. மட்டக்களப்பு மாவட்டத்துக் களுவாஞ்சிக்குடியில் வேலை பார்த்துக்கொண்டே இப்போது பட்டம் படிக்க இயலுமா?

பதில்: தாராளமாக இயலும், அக்கா. 1980இல் தொடங்கப்பட்ட இலங்கைத் திறந்த பல்கலைக்கழகத்துக்கு மட்டக்களப்பிலும் நிலையம் உண்டு. உயர்தரம் இல்லாதவர்களே அடித்தளக் கற்கைநெறியை முடித்துப் பட்டப்படிப்பில் சேர வழியிருக்கையில், உங்கள் நிலை இன்னும் இலகுவானது.

பதில்: வந்தாறுமூலையிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்தின் வெளிவாரிப் பட்டங்களையும் (முழுநேர மாணவராகச் சேராமல் படிப்பவை) விசாரியுங்கள் தங்கச்சி. ஆனால் வெளிவாரியென்றால் பெரும்பாலும் தனியாகவே படிக்க வேண்டியிருக்கும். வீட்டாரின் ஒத்துழைப்பின்றி அது நடவாது. பிள்ளைகள் உறங்கியபின், கறிச்சட்டிகளை ஒதுக்கிவைத்துக் குசினி மேசையிலேயே நான் ஒப்படைகளை எழுதினேன்.

பதில்: பணம் கட்டுமுன் பாடமொழியை உறுதிசெய்யுங்கள். சில கற்கைநெறிகள் ஆங்கிலத்தில் மட்டுமே நடைபெறுகின்றன. இதை யாரும் முதலில் சொல்வதில்லை.