கொழும்பு வெக்கையில் உறைப்பு மரக்கறி புளிக்க வைக்கலாமா, வினாகிரிதான் சரியா?

கடற்காற்று (வெள்ளவத்தை):
கரட், கோவா, போஞ்சி, கறிமிளகாய், பத்துக் கொச்சிக்காய், உள்ளி, இஞ்சி. எல்லாவற்றையும் பொடியாக வெட்டி, வினாகிரி ஒரு சொட்டும் விடாமல் உப்புத் தண்ணீரில் புளிக்க வைத்துப் பார்த்தேன். பாணும் பருப்பும் சாப்பிடும்போது தொட்டுக்கொள்ள உறைப்பும் புளிப்புமாக ஒன்று வேண்டும் என்ற ஆசைதான். நான் பார்த்த செய்முறை ஒரு குளிர்நாட்டுக்காரருடையது. மூன்று கிழமை மேசையில் வைக்கச் சொல்லியிருந்தார். இங்கே இரண்டாம் நாளே நுரை தள்ளி மூடியால் வழிந்தது. ஒன்பதாம் நாள் திறந்தால் மேலே வெள்ளைப் படலம், கரட்டைத் தவிர எல்லாம் குழைந்து கிடந்தது, உள்ளி நீலப்பச்சையாகிவிட்டது. மூன்று மேசைக்கரண்டி கல்லுப்புப் போட்டேன். எங்கே பிழைத்தது? இந்த ஊருக்கு இது சரிவருமா?

மாமரம்:
சரிவராது தங்கச்சி. இந்த வெக்கைக்கு வினாகிரி அச்சாறுதான். கடுகை வினாகிரி விட்டு உள்ளி, இஞ்சியோடு அரைத்து, கரட், போஞ்சி, சின்ன வெங்காயம், பச்சைமிளகாய் எல்லாவற்றையும் கொதிக்கும் வினாகிரியில் ஒரு நிமிடம் காட்டி எடுத்துக் கலந்தால் அடுத்த நாளே சாப்பிடலாம். போஞ்சி கடிக்கும்போது சத்தம் வரும். நாற்பது வருடமாகச் செய்கிறேன், ஒரு போத்தலும் வழிந்ததில்லை. குளிர்நாட்டுக்காரருக்கு வேறு வழியில்லாத காலத்தில் கண்டுபிடித்ததை நாம் ஏன் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும்?

உப்புக்கல் (தெமட்டகொடை):
அக்கா, புளிக்க வைப்பது குளிர்நாட்டுச் சொத்து என்பதை நான் ஒப்புக்கொள்ளவே மாட்டேன். இரவு தோசை மா கரைத்து வைத்தால் காலையில் பொங்கி நிற்கிறதே, அதுவும் இதே வேலைதான். உளுந்து மாவைப் பொங்க வைப்பதில் முன்னால் நிற்கும் லியுகொனொஸ்டொக் என்ற பக்டீரியாதான் கோவாவைப் புளிக்க வைக்கும்போதும் முதலில் வேலை தொடங்குகிறது. நீங்கள் ஊற்றும் தென்னங்கள் வினாகிரியும் இருமுறை புளித்து வந்ததுதான்.

கடற்காற்று, பிழை மூன்று இடத்தில். முதலாவது நாள் கணக்கு. குளிர்நாட்டில் குசினி 18, 20 பாகை. இங்கே பகலில் 30, இரவிலும் 25 அளவில்தான் நிற்கிறது. மூன்று கிழமை வேலை நமக்கு மூன்று, நான்கு நாளில் முடிந்துவிடும். அதற்குப் பிறகும் வெளியே வைத்தால் காயின் இறுக்கத்தைத் தாங்கும் பெக்டின் கரைந்து குழைந்துவிடும். மூன்றாம் நாளிலிருந்து ருசி பாருங்கள், புளிப்புப் பிடித்ததும் பிரிட்ஜுக்குள் வையுங்கள்.

இரண்டாவது உப்பு. கரண்டியால் அளக்கவே வேண்டாம். கல்லுப்பின் பரல்களுக்கிடையே வெற்றிடம் நிறைய, அதனால் ஒரு கரண்டி கல்லுப்பு ஒரு கரண்டி உப்புத்தூளை விட நிறை குறைவு. மரக்கறி 600 கிராம், கொதித்து ஆறிய தண்ணீர் 400 கிராம் என்றால் மொத்தம் 1000, அதற்கு 25 கிராம் உப்பு. வெக்கை கூடிய மாதங்களில் நான் 30 வரை போவேன், உப்புக் கூடினால் புளிப்பு நிதானமாக ஏறும்.

மூன்றாவது, காய் தண்ணீருக்கு மேலே மிதந்திருக்கும். ஒரு சின்னப் பொலித்தீன் பையில் அதே உப்புத் தண்ணீரை நிரப்பிக் கட்டி மேலே வைத்தால் எல்லாம் அமுங்கிக் கிடக்கும், பை கசிந்தாலும் உப்பின் அளவு மாறாது. போத்தலில் கால்வாசி வெறுமையாக விட்டு, மூடியைக் காலையும் மாலையும் ஒருமுறை தளர்த்தி வாயுவை விடுங்கள்.

உள்ளி நீலமாவது புளிப்பினால், அதற்குப் பயப்பட வேண்டாம். வெள்ளைப் படலம் தட்டையாக இருந்தால் அது ஈஸ்ட். பச்சை, கறுப்பு, பஞ்சு போல் எழும்பியிருந்தால் பூஞ்சணம், போத்தலோடு கொட்டிவிட வேண்டும். உங்களுடையது பூஞ்சணம் இல்லை என்றே தெரிகிறது. ஆனாலும் எவ்வளவு உப்புப் போட்டீர்கள் என்று தெரியாமல் ஒன்பது நாள் வெளியே இருந்த ஒன்றை நான் சாப்பிட மாட்டேன்.

கொட்டாஞ்சேனை வாசி:
ஒன்றைக் கவனிக்கவில்லை. கடையில் வாங்கும் உப்பு அயடீன் கலந்தது. அயடீன் நல்ல கிருமிகளையும் கொன்றுவிடும், அதனால்தான் பழுதானது. பேசாமல் மேலே நல்லெண்ணெய் ஊற்றி மூடினால் காற்றுப் போகாது, எங்கள் வீட்டு எலுமிச்சங்காய் ஊறுகாய் அப்படித்தான்.

உப்புக்கல்:
அயடீன் அவ்வளவு சிறிய அளவில் புளிப்பதைத் தடுக்காது அண்ணா, நான் இரண்டு உப்பிலும் செய்திருக்கிறேன். எண்ணெய் விஷயத்தில் மட்டும் தயவுசெய்து கவனம். எலுமிச்சங்காயில் புளிப்பு ஏற்கனவே இருக்கிறது. புளிப்பு ஏறாத பச்சை உள்ளியை எண்ணெய்க்குள் மூடி இந்த வெக்கையில் வைப்பது ஆபத்து. போட்டுலிசம் என்ற உயிராபத்தான உணவு நச்சுநோயை வரவழைக்கும் கிருமிக்குக் காற்றில்லாத இடம்தான் வேண்டும். பி.எச். என்பது புளிப்பை அளக்கும் எண், அது குறையக் குறையப் புளிப்புக் கூடும். பி.எச். 4.6 இற்குக் கீழே புளித்துவிட்டால் அந்தக் கிருமி வளராது. சோதிக்கும் தாள் ஒன்றை வாங்கி நனைத்துப் பாருங்கள். என்னுடையது எப்போதும் 4 இற்குக் கீழே இறங்கிய பிறகுதான் வாயில் வைப்பேன்.

மாமரம்:
தராசு, தாள், தண்ணீர்ப் பை! இத்தனையும் வைத்துக்கொண்டு கடைசியில் பிரிட்ஜும் வேண்டும் என்கிறீர்கள் தம்பி. 2022 இல் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் நின்றதே, அப்போது என்ன செய்தீர்கள்? என் அச்சாறு அலமாரியில் அப்படியே இருந்தது. உப்பையும் சொல்லுங்கள், எனக்கும் இவருக்கும் பிரஷர்.

உப்புக்கல்:
அந்த நாட்களில் என் போத்தல் பழுதாகவில்லை அக்கா, புளிப்புத்தான் கூடியது. நியாயமாகச் சொன்னால், இறுக்கம் போய்விட்டது, அதில் உங்கள் அச்சாறுக்குத்தான் வெற்றி. உப்பு என்றால், புளித்த மரக்கறியில் ஒரு மேசைக்கரண்டி அளவு 20 கிராம் எடுத்தால் அதில் உப்பு அரைக் கிராம். உலக சுகாதார நிறுவனம் நாளுக்கு 5 கிராமுக்குக் குறைவாகச் சாப்பிடச் சொல்கிறது. பிரஷர்காரர் அந்த அரைக் கிராமையும் கணக்கில் எடுத்துத்தான் ஆக வேண்டும். ஆனால் வினாகிரி வாயில் பட்டதும் சுள்ளென்று ஏறி நின்றுவிடும். புளித்த கோவாவின் புளிப்பு மெல்ல வந்து கொச்சிக்காய் உறைப்போடு நாக்கில் தங்கும். அந்த ருசிக்காகத்தான் நான் தராசு தூக்குகிறேன்.

கடற்காற்று:
பழையதைக் கொட்டிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை தராசில் நிறுத்து 27 கிராம் உப்பில் புதிதாக வைத்தேன். கோவாவைக் குறைத்து, போஞ்சியைச் சாய்வாக வெட்டாமல் நீளத் துண்டாகவே விட்டேன். இன்று நான்காம் நாள். தாள் 4 இற்குக் கீழே காட்டுகிறது, போஞ்சி கடிக்கச் சத்தம் வருகிறது மாமரம் அக்கா. உறைப்பு மட்டும் போதவில்லை. உங்கள் கடுகு அரைப்பை இதிலும் சேர்க்கலாமா?

உப்புக்கல்:
புளித்து முடிந்த பிறகு சேருங்கள். கடுகின் காரம் நுண்ணுயிர்களைத் தடுக்கும், முதலிலேயே போட்டால் புளிப்பு இழுத்தடிக்கும்.

மாமரம்:
கடுகை அன்றன்றைக்கு வேண்டிய அளவு மட்டும் அரைத்துப் போடு தங்கச்சி, நிறைய அரைத்து வைத்தால் மணம் போய்விடும். என் வீட்டில் வினாகிரிதான், அது மாறாது. ஆனால் அந்தப் புளித்த தண்ணீரைக் கொட்டிவிடாதே. தேங்காய்ச் சம்பலுக்குத் தேசிக்காய்க்குப் பதிலாக ஒரு கரண்டி விட்டுப் பார், சம்பலுக்கு உப்பைக் குறைத்துக்கொள்.