பனிச்சரிவுப் பயிற்சி எடுத்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. எங்களுக்குக் கிருஷ்ணகிரி, காவேரிப்பட்டணம் பக்கம். என் தம்பி பிப்ரவரியில் குல்மார்க் போகிறான். கொண்டோலா என்கிற ரோப்காரில் ஏறி அபர்வத் மலைக்குப் போய், சீர்செய்த பாதையை விட்டு வெளியே பனிச்சறுக்கு செய்யப் போகிறானாம். பனிச்சறுக்கு ஓரளவு தெரியும். பனிச்சரிவுப் பயிற்சி மட்டும் எடுத்ததே இல்லை. அதை நினைத்தால் எனக்குத் தூக்கம் வரவில்லை.

30 முதல் 45 டிகிரி சரிவில்தான் பெரும்பாலும் பனி பெயர்கிறது. புதைந்தவரைப் பத்துப் பதினைந்து நிமிடத்துக்குள் வெளியே எடுக்க வேண்டும். மீட்புக் குழு வரும்வரை காத்திருக்க முடியாது, கூட இருப்பவர்தான் தோண்டணும். பீக்கன் (ஒவ்வொருவரும் உடம்பில் கட்டிக்கொள்ளும், சிக்னல் அனுப்பவும் தேடவும் உதவும் சின்னக் கருவி), குத்திப் பார்க்கும் நீளக் கம்பி, மண்வாரி எல்லாம் பையில் இருந்தாலும் கை பழகியிருக்க வேண்டுமே.

பீக்கனில் தேடுவதைப் பனி இல்லாமலும் பழகலாம். எங்கள் மாந்தோப்பில் சருகுக் குவியலுக்குள் ஒன்றை மறைத்து வைத்தால், இன்னொன்றின் திரையில் எண் குறையக் குறைய அவன் நெருங்கிப் போகலாம். கடைசியில் தரையை ஒட்டிப் பிடித்து, மெதுவாகத் தேட வேண்டும்.

தருமபுரி, ஓசூர் பக்கம் யாரிடமாவது இரண்டு பீக்கன் இருந்தால் ஒரு வாரம் வாடகைக்குத் தருவீர்களா? அப்புறம், குல்மார்க்கிலோ மணாலியிலோ இந்தப் பயிற்சி எடுத்தவர்கள், எத்தனை நாள், எவ்வளவு செலவு என்று சொன்னால் பெரிய உதவி.