நாத்தனார் அழைக்கும் பல அடுக்கு விற்பனையில் சேரலாமா?

கேள்வி (மன்னார்குடி):
குறுவை நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் போட்டு வந்த பணத்தில் 18,000 ரூபாய்க்குச் சத்துமாவு, பற்பசை, தைலம் அடங்கிய தொகுப்பு ஒன்றை வாங்கினால், பல அடுக்கு விற்பனை நிறுவனம் ஒன்றில் நானும் உறுப்பினராகலாம் என்கிறார் என் நாத்தனார். இடதுபுறம் ஒருவர், வலதுபுறம் ஒருவர் என்று ஆள் சேர்த்தால் போதுமாம். அவருக்குக் கமிஷன் வந்ததையும் வங்கிப் புத்தகத்தில் காட்டினார். எதை வைத்து முடிவெடுப்பது?

பதில் 1 (கும்பகோணம், கணக்கர்):
சகோதரி, கமிஷன் வந்ததா என்பதைவிட, அது யாருடைய பணம் என்று கேளுங்கள். உறுப்பினரல்லாத ஒருவர் தேவைக்காகப் பொருளை வாங்கியதில் கிடைத்தது என்றால் அது வியாபாரம். புதிதாகச் சேர்ந்தவர் கட்டியதில் ஒரு பங்கு என்றால், பரிசுச் சீட்டு மற்றும் பணச் சுழற்சித் திட்டங்களைத் தடை செய்யும் 1978 ஆம் ஆண்டுச் சட்டத்தின் வரம்புக்குள் அது வந்துவிடக்கூடும்.

இரண்டிரண்டாகப் பெருகும் வரிசையில் 21 ஆம் படிக்கு மட்டும் 20,97,152 பேர் வேண்டும். 2011 கணக்கெடுப்பின்படி திருவாரூர் மாவட்டத்தில் கைக்குழந்தைகளையும் சேர்த்தே சுமார் 12.6 லட்சம் பேர்தான் இருந்தார்கள். அது மட்டுமல்ல, முழுமையாக நிரம்பிய வரிசையை எந்தப் படியில் நிறுத்திப் பார்த்தாலும், சேர்ந்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் தமக்குக் கீழே ஒருவரும் இல்லாத கடைசிப் படியில்தான் இருப்பார்கள். உங்கள் உறுப்பினர் எண் (ஐடி) செயலில் இருக்க மாதந்தோறும் நீங்களே இவ்வளவு வாங்க வேண்டும் என்ற நிபந்தனை உண்டா என்றும் பாருங்கள். வங்கிப் புத்தகத்தில் வரவைக் காட்டுபவர்கள் இந்தச் செலவைக் காட்டுவதில்லை. மகளிர் குழுக் கடனை எடுத்து இதில் போடுவதை மட்டும் எக்காரணத்தாலும் செய்யாதீர்கள்.

பதில் 2 (தஞ்சாவூர்):
எல்லாவற்றையும் மோசடி என்று ஒதுக்குவதை நான் ஏற்கவில்லை. ஒருவரையும் சேர்க்காமல், அழகுப் பொருள்களை மட்டும் விற்று வருகிறேன். கடை வாடகை இல்லை, வீட்டு வேலைக்கு இடையில் செய்ய முடிகிறது, முன்பின் தெரியாதவர்களிடம் பேசும் கூச்சமும் போயிற்று. ஆனால் லாபம் சிறியது. கடையில் கிடைக்கும் அதே வகைப் பொருளைவிட விலை கூடுதலாக இருப்பதால், தெரிந்தவர்கள் முகத்துக்காக ஒருமுறை வாங்கிவிட்டு நின்றுவிடுகிறார்கள்.

பதில் 3 (நாகப்பட்டினம்):
பல அடுக்கு விற்பனையும் அடங்கும் நேரடி விற்பனைக்கு மத்திய அரசு 2016 இல் வெளியிட்ட வழிகாட்டுதல்களிலேயே, சேர்வதற்குக் கட்டணம் கேட்கக் கூடாது என்று உள்ளது. அதனால்தான் பல இடங்களில் அந்தத் தொகை "பொருளின் விலை" என்று பெயர் மாறி வருகிறது என்பது என் எண்ணம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வந்த 2021 ஆம் ஆண்டு விதிகள், ஆள் சேர்ப்பதையே வருமானமாக்கும் பிரமிடு திட்டங்களைத் தடை செய்கின்றன. எழுத்து மூலமான ஒப்பந்தமும் குறைதீர் அலுவலரும் இருக்க வேண்டும் என்கின்றன. ஒப்பந்தத்தைக் கேட்டு வாங்கி, விற்காத பொருளைத் திருப்பி எடுப்பார்களா, எத்தனை நாளுக்குள் விலகலாம் என்பவற்றைப் படியுங்கள். ஐயமிருந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இல் கேட்கலாம்.

நாத்தனாரின் மனம் கோணாமல் இருக்க வேண்டுமானால், அந்தத் தைலத்தை மட்டும் ஒரு புட்டி விலைக்குக் கேளுங்கள். சேராதவருக்கு விற்க அவருக்கே ஆர்வமில்லை என்றால், 18,000 ரூபாயைச் சம்பா சாகுபடிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.