ஹாலிடே மெம்பர்ஷிப்பை விற்றுத் தருவதாக போன்: முன்பணம் கட்டலாமா?

கேள்வி (கிருஷ்ணகிரி): அப்பா பேரில் 25 வருட ரிசார்ட் மெம்பர்ஷிப், இன்னும் 14 வருடம் பாக்கி. பெங்களூரு ஏஜென்ட் ஒருவர், 4 லட்சத்துக்கு ஆள் தயார், ஜிஎஸ்டி 18 சதவீதம் 72,000 ரூபாயை முதலில் கட்டுங்கள் என்கிறார். மெம்பர்ஷிப் எண், வாங்கிய தேதியெல்லாம் சரியாகச் சொல்கிறார். நம்பலாமா?

பதில் 1: கட்டாதீங்க. "கமிஷன், வரி எல்லாத்தையும் 4 லட்சத்துல கழிச்சுக்கிட்டு மீதியைக் கொடுங்க"ன்னு சொல்லிப் பாருங்க, ஒத்துக்க மாட்டாங்க. இதைக் கட்டினா அடுத்து டிடிஎஸ் (வரிப் பிடித்தம்), என்ஓசி (தடையில்லாச் சான்று), ரிசர்வ் வங்கி கிளியரன்ஸ்னு வரிசையா வரும். ரிசர்வ் வங்கி தனி ஆள்கிட்ட இப்படிக் கட்டணம் வாங்குறதே இல்லை. எண் தெரிஞ்சிருக்கிறது அத்தாட்சி ஆகாது, மெம்பர் பட்டியல் வெளியே கசியறது சகஜம்.

பதில் 2: ஏஜென்ட் தர்ற பில்லில் உள்ள 15 இலக்க ஜிஎஸ்டி எண்ணை ஜிஎஸ்டி தளத்தில் போட்டுப் பாருங்க. கர்நாடகம்னா 29, தமிழ்நாடுன்னா 33-ல் தொடங்கணும். எண் உண்மையா இருந்தாலும் அடுத்தவங்களுதா இருக்கலாம். அதனால பணம் போடச் சொல்ற கணக்கு யார் பேர்ல இருக்குன்னு பாருங்க. தனி ஆள் பேர்னா அங்கேயே நிறுத்திடுங்க.

பதில் 3: பெயர் மாற்றத்தை மெம்பர்ஷிப் கொடுத்த கம்பெனிதான் செய்யணும். ஒப்பந்தத்தில் உள்ள முகவரிக்கு எழுதி, மாற்றக் கட்டணம், ஆண்டுப் பராமரிப்பு பாக்கி எவ்வளவுன்னு எழுத்துல வாங்குங்க. ஓடிபி, ஆதார் நகல் தராதீங்க. பணம் வர யுபிஐ பின் தேவையே இல்லை. ஏற்கனவே கட்டியிருந்தா யுடிஆர் எண்ணோட (பணம் அனுப்பினதுக்கான பரிவர்த்தனை எண்) இப்பவே சைபர் மோசடி உதவி எண் 1930-க்கு அடிங்க. தாமதிச்சா பணம் வேற கணக்குக்குப் போயிடும்.